ஞாயிற்றுக்கிழமை வரை

ஜனவரி 18

இன்று கோமதி மதினியிடம் நான் சொல்லாதது: உங்கள் செல்கள் உங்கள் தம்பியைக் காப்பாற்றக்கூடும். காப்பாற்ற வந்த அதே செல்கள் அவரைத் தாக்கவும் கூடும்.

பொருத்தப் பரிசோதனையின் முடிவு காலையில் வந்தது. பத்து இடங்களில் ஒப்பிட்டுப் பார்ப்பார்களாம். பத்தும் பொருந்தியிருக்கிறது. மதினி சங்கரன்கோவிலிலிருந்து முதல் பஸ்ஸில் மதுரைக்கு வந்திருந்தார். செய்தியைக் கேட்டதும் ஆஸ்பத்திரி வராந்தா என்றும் பார்க்காமல் தம்பி சங்கரின் முதுகில் ஓர் அறை வைத்தார்.

"கேட்டியாலே? பத்துக்குப் பத்து. ஒனக்கும் சுகந்திக்கும் சாதகம் பாத்தப்ப ஏழுதான் தேறுச்சு."

"அந்த ஏழுக்கே இந்தப் பாடு" என்றார் சங்கர்.

மதினி ரத்தம் கொடுக்கப் போயிருந்த நேரத்தில் டாக்டர் பெனடிக்ட் எங்கள் இருவரையும் உட்காரவைத்து விளக்கினார். சங்கருடைய ரத்தப் புற்றுநோய்க்கு கீமோ மட்டும் போதாது. அவருடைய எலும்பு மஜ்ஜையை மருந்தால் அழித்துவிட்டு, மதினியின் ஸ்டெம் செல்களை ஏற்றுவார்கள். அவை உள்ளே குடியேறிப் புது ரத்தம் உண்டாக்கும். எங்காவது ஒளிந்திருக்கும் புற்றுநோய்ச் செல்லை அந்நியன் என்று கண்டு கொல்லவும் செய்யும்.

"அதுக்காகத்தான் இன்னொருத்தர் செல்லைப் போடுறோம். ஆனா அதுக்கு உங்க தோலும் குடலும் ஈரலும்கூட அந்நியம்தான். அதுங்க மேல பாஞ்சிட்டா கஷ்டம். மருந்து குடுத்து அடக்கி வைப்போம். எப்பவும் அடங்கும்னு நான் சொல்ல மாட்டேன்" என்றார்.

குழந்தை பற்றியும் சொன்னார். அந்த மருந்துக்குப் பிறகு பெரும்பாலும் வாய்ப்பில்லை என்றார். எங்களுக்குக் கல்யாணமாகி இரண்டு வருஷம். சங்கர் என்னைப் பார்த்தார். நான் மேஜைமேல் இருந்த பேப்பர் வெயிட்டைப் பார்த்தேன்.

வெளியே வந்ததும் அவர் சொன்னது வேறு விஷயம். "அக்காட்ட அந்தத் தாக்குற கதையெல்லாம் சொல்லாத. குடுக்கும்போது சந்தோசமாக் குடுக்கட்டும்."

அப்பாவும் அம்மாவும் அடுத்தடுத்துப் போனபின் பள்ளிக்கூடப் பையனாக இருந்த அவரை வளர்த்தது மதினிதான். தன் கல்யாணத்தைக்கூட அதற்காகத் தள்ளிப்போட்டவர். மூன்று வயதில் இப்போது அவருக்கு ஒரு பெண் இருக்கிறாள், ஆதிரை.

"டாக்டரு என்ன சொன்னாரு?" என்று பஞ்சை முழங்கையில் அழுத்தியபடி வந்து கேட்டார் மதினி.

"எல்லாம் நல்லபடியா இருக்குன்னார்" என்றேன்.


பிப்ரவரி 5

நான்கு நாட்களாக மதினிக்கு ஊசி போட்டார்கள். எலும்புக்குள் இருக்கும் ஸ்டெம் செல்களை ரத்தத்துக்கு வரவழைக்கும் ஊசி. இடுப்பு விட்டுப்போகிறது என்று ஒருக்களித்துப் படுத்தவர், யாராவது அறைக்குள் வந்தால் மட்டும் எழுந்து உட்கார்ந்துகொண்டார்.

இன்று இயந்திரத்தோடு இணைத்தார்கள். ஒரு கையிலிருந்து ரத்தம் போகிறது, செல்களைப் பிரித்து எடுத்துக்கொண்டு மற்றக் கைக்குத் திருப்பி அனுப்புகிறது. இரண்டு கையையும் அசைக்கக்கூடாது.

"ஏட்டி சுகந்தி, மூக்கு அரிக்கி. சொறிஞ்சு விடு."

சொறிந்துவிட்டேன்.

"அங்கன இல்ல, மேல. படிச்ச புள்ளைக்கு மூக்கு எங்க இருக்குன்னு தெரியல."

பையில் சேர்ந்தது தக்காளி ரசத்தின் நிறத்தில் இருந்தது. மதினி அதைக் கண் எடுக்காமல் பார்த்தார். இவன் பிழைத்து வந்தால்தான் ஆதிரைக்குக் காது குத்துவேன் என்று நர்ஸிடம் சொல்லிக்கொண்டிருந்தார். போன வருஷம் தேதி குறித்த வாரத்தில்தான் சங்கருக்குக் காய்ச்சல் வந்து இதெல்லாம் தொடங்கியது. தாய்மாமன் மடியில் உட்காரவைத்துத்தான் குத்த வேண்டும். வேறு தம்பி கிடையாது.

"பெரியப்பா மடியில வச்சுக் குத்தலாமேம்மா" என்றாள் அந்த நர்ஸ்.

"குத்தலாம். ஊசிக்குப் பதிலா ஒங்க பேனாவால கூடக் குத்தலாம்" என்றார் மதினி.


பிப்ரவரி 6

செல்களை ஏற்றிவிட்டார்கள். ஒரு பாட்டில் ரத்தம் ஏற்றுவதைவிடக் குறைவான நேரம். கண்ணாடிக்கு அந்தப்புறம் சங்கர் போனில் கேட்டார்: "இவ்வளவுதானா?"


பிப்ரவரி 17

வாய் முழுக்கப் புண். எச்சில் விழுங்க முடியவில்லை. சைகையில்தான் பேசுகிறார். நான் வைகைக் கால்வாய்களைப் பற்றிய ஒரு புத்தகத்துக்கு மெய்ப்புத் திருத்திக்கொண்டிருக்கிறேன். மூன்று பக்கம் திருத்தியபின், ஒரு வரியும் மனதில் ஏறவில்லை என்று தெரிந்தது. மறுபடி முதலிலிருந்து.


பிப்ரவரி 24

வெள்ளணு ஏறத் தொடங்கிவிட்டது. மதினியின் செல்கள் வேர் பிடித்துவிட்டன என்றார் டாக்டர். கொஞ்ச மாதத்தில் ரத்த வகையே மாறிவிடுமாம். இவ்வளவு நாள் பி, இனி ஓ.

போனில் மதினியிடம் சொன்னேன். "இனியாவது காலைல சீக்கிரம் எந்திரிப்பான்" என்றார். பிறகு டவர் போய்விட்டதோ என்று பார்த்தேன். போகவில்லை.


மார்ச் 14

ஆஸ்பத்திரிக்குப் பின்தெருவில் ஒரு மாடி போர்ஷன் எடுத்து வந்துவிட்டோம். வாரம் இருமுறை பரிசோதனைக்குப் போக வேண்டும். மற்றபடி வேலை வேலை. தரையை மருந்துத் தண்ணீரில் துடைப்பது. குடிக்கும் தண்ணீரைக் கொதிக்கவைத்து ஆற்றுவது. குக்கரில் வெந்தது மட்டும், வெந்தவுடன் மட்டும். சட்னியில் பச்சைக் கொத்தமல்லி கூடாது. பூ கூடாது. கீழ் வீட்டுக்காரம்மா கோவில் பிரசாதம் கொண்டுவந்தார். வாங்கி, அவர் இறங்கிப் போனதும் நானே சாப்பிட்டேன்.

சங்கருக்கு முடி பூனைமயிர்போல் முளைக்கிறது. கண்ணாடியில் தடவிப் பார்த்துக்கொள்கிறார். இன்று நான் மெய்ப்புத் திருத்தியதில் ஒரு பிழை கண்டுபிடித்து, நாள் முழுக்க அதையே சொல்லிக் காட்டினார். சந்தோஷமான நாள் என்று இதைத்தான் எழுத வேண்டும்.


ஏப்ரல் 6

புற்றுநோய்ச் செல் கொஞ்சம் மிச்சம் இருக்கிறது. மிகக் கொஞ்சம். நுண்ணோக்கியில் தெரியாத அளவு, வேறு முறையில் தேடினால் அகப்படும் அளவு.

டாக்டர் பெனடிக்ட் சுற்றி வளைக்கவில்லை. இப்படியே விட்டால் மாதங்களில் திரும்பி வந்துவிடும். திரும்பினால் அதற்குமேல் செய்ய அதிகம் இல்லை. ஒரு வழிதான். மதினியின் செல்களை அடக்கி வைத்திருக்கும் மருந்தைச் சீக்கிரமே குறைப்பது. அவிழ்த்துவிட்டால் மிச்சத்தை அவை தேடிப் பிடிக்கும். சங்கருடைய உடம்பையும் பிடிக்கலாம்.

"எது வரும்னு முன்கூட்டிச் சொல்ல முடியுமா சார்?" என்று கேட்டேன்.

"ரெண்டும் ஒரே வேலைதாம்மா. ஒண்ணு மட்டும் பண்ணுன்னு அதுக்குச் சொல்ல இன்னும் யாருக்கும் தெரியல."

சங்கர் உடனே சரி என்றார். வீடு திரும்பும்போது ஆட்டோவில் என் கையைப் பிடித்துக்கொண்டிருந்தார். ஆட்டோக்காரர் குழியில் இறக்கும்போதெல்லாம் பிடி இறுகியது. மதினிக்குப் போன் செய்து, மருந்தைக் குறைக்கிறார்கள் என்றேன். நல்ல சேதி என்று நினைத்துக்கொண்டார். நான் திருத்தவில்லை.


ஏப்ரல் 27

உள்ளங்கையிலும் காதுக்குப் பின்னும் சிவப்புத் தடிப்பு. பயந்துகொண்டு ஓடினோம். டாக்டர் விரலால் அழுத்திப் பார்த்துவிட்டு, முதல்முறையாகச் சிரித்தார். "கொஞ்சமா வந்தா எனக்குச் சந்தோஷம்தான். உங்க அக்கா செல் முழிச்சிக்கிச்சுன்னு அர்த்தம். களிம்பு தர்றேன். வயித்துல ஏதாவது வித்தியாசம் தெரிஞ்சா மட்டும் அந்த நிமிஷமே சொல்லணும். காத்திருக்கக்கூடாது."

மதினி போனிலேயே குதித்தார். "எங் கொணம்லா! சும்மா இருக்குமா அது? முழுசாப் பரவட்டும்லே, நல்லாப் பரவட்டும்!"

"ஏக்கா, அரிப்பு எனக்குல்லா" என்றார் சங்கர்.

அந்தச் சூட்டோடு காதுகுத்துக்கு நாளும் பார்த்துவிட்டார். மே பன்னிரண்டு, ஞாயிறு, வளர்பிறை. கூட்டம் இல்லை, எங்கள் போர்ஷனிலேயே, எல்லாரும் மாஸ்க் போட்டுக்கொண்டு. டாக்டரிடம் கேட்டேன். ஆள் குறைவாக இருந்தால் சரி என்றார்.

சங்கர் தாய்மாமன் சீருக்குப் பட்டுப்பாவாடை எடுக்கச் சொன்னார். தான் கடைக்குப் போக முடியாதே என்று வீடியோவில் ஒவ்வொன்றாய்க் காட்டச் சொல்லி, கடைக்காரரை அரைமணி நேரம் படுத்தி, கடைசியில் நான் முதலில் காட்டிய மாம்பழ நிறத்தையே எடுத்தார்.


மே 8

காலையிலிருந்து அவருக்கு வயிறு சரியில்லை. ஐந்தாறு முறை போய்விட்டார். பச்சையாக, தண்ணீராகப் போகிறது என்று அவரே சொன்னார்.

போனை எடுத்தேன். என் கையிலிருந்து வாங்கிக் கட்டிலில் வைத்தார்.

"சொன்னா இன்னைக்கே அட்மிட் பண்ணிருவாங்க."

"பண்ணட்டும்."

"நேத்து சாப்ட்ட ரவை ஒத்துக்கலயா இருக்கும். ஞாயித்துக்கிழமை வரைக்கும்தான் சுகந்தி. இப்ப வாரத்துக்கு ஒருதரம்தான, திங்கக்கிழமை எப்படியும் செக்கப்புக்குப் போறோம். அக்கா ஒரு வருசமாக் காத்துக்கிட்டிருக்கா."

"அடுத்த மாசம் குத்தலாம். காது எங்கயும் போயிடாது."

அவர் அலமாரியிலிருந்து பாவாடையை எடுத்துப் பிரித்து, மறுபடி அதே மடிப்பில் மடித்துவைத்தார். அவருக்கு மடிக்க வராது. நான் வாங்கி மடித்தேன்.


மே 9

ஆஸ்பத்திரி நர்ஸ் வழக்கம்போல் போன் செய்தாள். காய்ச்சல்? இல்லை. தடிப்பு? அப்படியே. மாத்திரை? போடுகிறார். சாப்பாடு, வயிறு எல்லாம் எப்படி?

சாப்பிடுகிறார் என்றேன். உண்மைதான். காலையில் இரண்டு இட்லி சாப்பிட்டார்.

உப்பும் சர்க்கரையும் கலந்து அடிக்கடி கொடுக்கிறேன். இந்தத் தாக்குதல் பற்றிப் போனில் தேடித் தேடி வாசிக்கும் கட்டுரைகளில் எதையும் இன்று திறக்கவில்லை.


மே 12

தெற்காவணி மூல வீதியிலிருந்து ஆசாரி வந்தார். அவருக்கும் ஒரு மாஸ்க். மதினி, மதினியின் கணவர் மகாராஜன் அண்ணன், ஆதிரை, நாங்கள் இருவர். அவ்வளவுதான் ஆட்கள். மதினி எங்கள் சின்ன அறையில் ஐம்பது பேர் வந்திருப்பதுபோல் இரைந்துகொண்டிருந்தார். "தட்டு எங்கட்டி? தேங்கா எங்க? ஏங்க, நீங்க வாசல மறைச்சுக்கிட்டு நிக்காதீங்க!"

சங்கர் வேட்டி கட்டிச் சம்மணமிட்டு உட்கார்ந்தார். இடுப்பில் வேட்டி நிற்கவில்லை. பெல்ட் போட்டுக் கட்டிவிட்டேன். ஆதிரை மாம்பழப் பாவாடையில் அவர் மடியில் ஏறி, முகத்தை உற்றுப் பார்த்தாள்.

"மாமா, ஒனக்கு ஏன் முடி கொஞ்சூண்டு இருக்கு?"

"நீ தரியா? கேட்டா ஒங்கம்மா எல்லாம் தாரா. ஒனக்கு என்ன கஞ்சத்தனம்?"

சிரித்துக்கொண்டிருந்தவள் ஆசாரியின் கம்பியைக் கண்டதும் வீறிட்டாள். சங்கர் அவள் தலையைத் தன் மார்போடு சேர்த்துப் பிடித்துக்கொண்டார். முதல் காது. அவள் கையை வீசியதில் அவருடைய மாஸ்க் கழன்று தொங்கியது. அதைச் சரிசெய்ய ஒரு கையை எடுத்தால் குழந்தை நழுவிவிடுவாள் என்று அப்படியே விட்டார். இரண்டாவது காது. மதினி அழுதுகொண்டே வாழைப்பழத்தை உரித்து ஆதிரையின் வாயில் திணித்தார். அழுகைக்கு நடுவே அவள் அதைத் தின்றாள்.

நான் தேவைக்குமேல் படங்கள் எடுத்தேன். அவர் மடியில் குழந்தை, மூடிய கண்கள், அவள் உச்சந்தலையில் அவர் மோவாய். ஒரே படத்தைத் திரும்பத் திரும்ப எடுத்திருக்கிறேன் என்று இப்போதுதான் தெரிகிறது.

சாப்பாட்டின்போது அவர் இரண்டு முறை எழுந்து போனார். மதினி கதவைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். "அப்பளம் வேணுமா மதினி?" என்று கேட்டேன்.


மே 13

சேர்த்துவிட்டார்கள். காலையில் போனதில் ரத்தம் இருந்தது.

"எப்ப ஆரம்பிச்சுது?" என்றார் டாக்டர்.

"நேத்து சாயந்திரம் சார்" என்றார் சங்கர்.

டாக்டர் என் பக்கம் திரும்பினார். நான் தலையசைத்தேன்.


மே 17

குடலைத்தான் தாக்குகிறது. கடுமையான அளவு. ஸ்டீராய்டு பெரிய அளவில் போகிறது. வாயால் ஒன்றும் கூடாது, எல்லாம் நரம்பு வழி. இனிப்பு நிறையப் போட்ட டீ ஒரு வாய் வேண்டும் என்று கேட்டார். பஞ்சில் நனைத்து உதட்டில் தடவலாம் என்றாள் நர்ஸ். தடவினேன். "சர்க்கரை பத்தல" என்றார்.


மே 22

ஸ்டீராய்டு கேட்கவில்லை. வேறு மருந்து தொடங்குகிறார்கள். புற்றுநோய் என்ன நிலையில் இருக்கிறது என்று பார்க்கவும் மாதிரி எடுத்து வெளியூர்ப் பரிசோதனைச் சாலைக்கு அனுப்பியிருக்கிறார்கள்.

இன்று டாக்டரைத் தனியாகப் பார்த்தேன். மே எட்டாம் தேதியைச் சொன்னேன். அவர் பேனாவை மூடி வைத்தார். அவர் சொன்ன பதிலை இங்கே எழுதப்போவதில்லை.


மே 29

கால்வாய்ப் புத்தகத்தின் மெய்ப்பை அனுப்பிவிட்டேன். அவருக்கு இரண்டு ஜோடி சட்டை அலச வேண்டியிருந்தது. கீழ் வீட்டுக்காரம்மா கொடியில் இடம் விட்டுத் தந்தார்.


ஜூன் 3

மதினி வந்து இரண்டு வாரமாகிறது. ஆதிரையை அவள் அப்பாவிடம் விட்டுவிட்டு, போர்ஷனில் என்னோடு இருக்கிறார். இன்று ரவுண்ட்ஸ் வந்த டாக்டரின் முன்னால் சேலையைத் தள்ளிக் கையை நீட்டினார்.

"இன்னும் வேணும்னா எடுத்துக்கிடுங்க சார். பத்தலயோ என்னமோ."

டாக்டர் பெனடிக்ட் அந்தக் கையை மெதுவாகக் கீழே இறக்கிவிட்டார். "போதும்மா. நீங்க குடுத்தது போதும்."

அவர் போனபின், வராந்தா பெஞ்சில், நான் ஜனவரி மாதத்திலிருந்து ஒத்திகை பார்த்துவைத்திருந்த பேச்சைத் தொடங்கினேன். மதினி, இது உங்கள் தப்பு இல்லை, செல் என்பது... அதற்குமேல் போகவில்லை.

"எனக்குத் தெரியும்ட்டி" என்றார் மதினி. "ஊசி போடுததுக்கு முந்தியே ஒரு டாக்டரம்மா என்னயத் தனியாக் கூப்ட்டுச் சொன்னா. ஒங்க செல்லு ஒங்க தம்பியவே கடிக்கலாம், இஷ்டமில்லன்னா இப்பவே சொல்லிருங்கன்னு. நாந்தான் ஒங்ககிட்ட மூச்சு விடல. அவன் கேட்டுப் பயந்து வேண்டாம்னுட்டான்னா என்ன செய்ய?"

"அப்போ இப்ப எதுக்கு டாக்டர்கிட்ட இன்னும் எடுத்துக்கச் சொன்னீங்க?"

"என்னத்தையாவது குடுக்கணும் போல இருக்கு. வேற என்ன இருக்கு எங்கிட்ட?"

எதிரே ஒருவர் தள்ளுவண்டியில் சாப்பாட்டுத் தட்டுகளை அடுக்கிக்கொண்டு போனார். வண்டி திருப்பத்தில் மறைந்ததும் மதினி என் பக்கம் திரும்பினார்.

"ஒண்ணு மட்டும் சொல்லு. வயித்துக்கு எப்ப ஆரம்பிச்சுது அவனுக்கு?"

"ஞாயித்துக்கிழமை சாயந்திரம்."

"காது குத்தி முடிச்ச பொறவா?"

"ஆமா மதினி. நீங்கல்லாம் பஸ் ஏறினப்புறம்."

மதினி என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். நான் கண்ணை எடுக்கவில்லை.

"சரி" என்றார். பிளாஸ்க்கை எடுத்துக்கொண்டு கழுவப் போனார். ஏற்கெனவே கழுவி வைத்திருந்த பிளாஸ்க்.


ஜூன் 11

இன்று தெளிவாக இருந்தார். படத்தைக் காட்டச் சொன்னார். ஆதிரை அவர் மடியில் இருக்கும் படம். ரொம்ப நேரம் பார்த்தார்.

"எனக்கு வருத்தம் இல்ல. ஒனக்கு?"

"இல்ல" என்றேன்.


ஜூன் 16

ஐசியூ. இனி உள்ளே ஒருவர் மட்டும்தான். மாற்றி மாற்றிப் போகிறோம். தன் முறையைப் பாதியிலேயே விட்டுவிட்டு மதினி வெளியே வந்து, "நீ போ, ஒன்னயத்தான் தேடுதான்" என்கிறார். உள்ளே போனால் அவர் கண் திறக்காமல் படுத்திருக்கிறார்.


ஜூன் 21

சங்கர் இன்று காலை இறந்துபோனார். கிருமித் தொற்று ரத்தத்தில் பரவியது காரணம் என்று எழுதிக் கொடுத்திருக்கிறார்கள்.


ஜூன் 30

சங்கரன்கோவிலில், மதினி வீட்டில் இருக்கிறேன். வெளியூரிலிருந்து வரவேண்டிய பரிசோதனை முடிவு இன்று என் போனுக்கு வந்தது. அவர் இறந்துவிட்டது அந்தப் பரிசோதனைச் சாலைக்குத் தெரியாது. அன்புள்ள சங்கரநாராயணன் என்று தொடங்கியிருந்தது.

மதினி அடுப்படியில் கீரை ஆய்ந்துகொண்டிருந்தார். பக்கத்தில் உட்கார்ந்து, ஆங்கிலத்தில் இருந்ததைத் தமிழில் சொன்னேன். புற்றுநோய்ச் செல் எதுவும் அகப்படவில்லை. ரத்தம் முழுவதும் கொடுத்தவருடையது.

"முழுசும்னா?"

"முழுசும் உங்களோடது மதினி. சீக்கு ஒரு பொட்டுகூட மிச்சமில்ல."

கீரைக் காம்பைக் கிள்ளிக்கொண்டிருந்த கை நின்றது. மறுபடி படிக்கச் சொன்னார்.

படித்தேன்.